எஸ்டீம் இன்ஜின்: காசு எதற்குப் போகிறது

ஜூன் 3
என் மாருதி எஸ்டீம் காரின் இன்ஜினை இறக்கிப் பிரித்தாயிற்று. 1.3 லிட்டர், 16 வால்வு, புதிதில் 85 குதிரைத்திறன். அறுபதாயிரத்துக்குள் முடித்து, கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும். மாருதி ஜிப்சி கிங் ஜீப்பிலும் இதே 1.3 இன்ஜின்தான் என்பதால் பிஸ்டன் ரிங், பேரிங், கேஸ்கெட் எதற்கும் அலைச்சல் இல்லை.

ஜூன் 5
போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 74 மி.மீ. இருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் மேல்பக்கம் 74.11 காட்டுகிறது, நகத்தை வைத்து இழுத்தால் கீறல் தட்டுகிறது. வெறும் ரிங் மாற்றினால் ஆகாது, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் போரிங் போட்டே தீர வேண்டும்.

எவ்வளவு பெரிதாக்குவது? 0.25 மி.மீ. ஓவர்சைஸா, 0.50-ஆ? கணக்குப் போட்டேன். முதலாவதில் 1308 சிசி, இரண்டாவதில் 1316. எட்டு சிசிக்காகப் பிளாக்கின் ஆயுளில் பாதியைச் சீவித் தள்ள மனம் வரவில்லை. 0.25 போதும், அடுத்த முறைக்கும் இரும்பு மிச்சமிருக்கும்.

ஜூன் 9
லேத் பட்டறை அண்ணன் பிளாக்கைத் தொடவே இல்லை. "பிஸ்டனைக் கையில கொண்டு வந்து குடுங்க தம்பி, அப்புறம்தான் மெஷின்ல ஏத்துவேன்" என்றார். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அந்தந்த போரை அதற்கேற்ப ஹோனிங் (கல்லால் நுணுக்கமாகத் தேய்த்து அளவாக்குவது) செய்பவர் அவர். இப்படி ஒருவர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

ஜூன் 12
பிஸ்டன் வந்தது. மாமாவின் நகைக்கடைத் தராசில் வைத்தேன். மூன்று பிஸ்டன்கள் ஒரு கிராமுக்குள் ஒத்துப்போகின்றன, நான்காவது ஐந்து கிராம் கூடுதல். ஆறாயிரம் சுற்றில் அந்த ஐந்து கிராம் பேரிங்கை உலுக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் முணுமுணுத்தபடியே வேறு செட் கொடுத்தார்.

ஜூன் 14
வால்வை இன்னும் அதிகம் திறக்கும் ஹை லிஃப்ட் கேம்ஷாஃப்ட் வாங்கும் ஆசையை இன்று விட்டேன். அதைப் போட்டால் வால்வு ஸ்பிரிங் மாற்ற வேண்டும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் டியூனிங்கும் செய்ய வேண்டும். பணம் மொத்தமும் அதிலேயே போய்விடும். அந்தப் பணத்தில் வால்வு வந்து உட்காரும் சீட்டை மூன்று கோணத்தில் வெட்டுவது, கிராங்க்ஷாஃப்ட் பேலன்சிங், புது ஆயில் பம்ப், புது கனெக்டிங் ராட் போல்ட் எல்லாம் முடிகிறது. வளைவில் ஆயில் பிரஷர் விழுந்தால் எந்தக் கேம்ஷாஃப்டும் காப்பாற்றாது.

ஜூன் 21
பிளாக் திரும்பி வந்தது. கீறல் சுத்தமாகப் போய்விட்டது, ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் அழகாக விழுந்திருக்கின்றன.

சாயங்காலம் முழுக்க ரிங் கேப், அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விடும் இடைவெளி. ரிங்கை போரில் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து மெல்லத் தள்ளி நேராக்கி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் சொருகினேன். மேல் ரிங்குக்கு 0.30 மி.மீ. வைப்பதாக முடிவு. இரண்டாவது சிலிண்டரில் 0.15கூட நுழையவில்லை. அப்படியே போட்டிருந்தால் சூட்டில் முனைகள் முட்டி, புது போரையே கிழித்திருக்கும். அரத்தில் நாலு இழுப்பு, மறுபடி அளவு, மறுபடி இரண்டு இழுப்பு. கடைசியில் கேஜ் லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனது.

ரிங்குகளைச் சிலிண்டர் வாரியாகத் தினத்தாளில் பொதிந்து நம்பர் எழுதி வைத்திருக்கிறேன். நாளை கிராங்க்.