நீட்டினா சுகமா இருக்கே

தொடைக்குப் பின்னாடி பிடிக்குதுன்னு எங்கிட்ட சிகிச்சைக்கு வந்த, வீட்டுல காலை இழுத்து நீட்டுற ஒருத்தர்கிட்ட "இனி நீட்டாண்டாம்"னு நான் சொன்னது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன், ஆனா அதுக்கு அவரு கேட்ட கேள்வி மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. "நீட்டினா அந்நேரம் சுகமா இருக்கு சாரே, அதையும் நிறுத்தவா சொல்லுதிய?"

அவரு குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியுறதுக்கு முன்னாடியே தலையில லைட்டைக் கட்டிட்டு ரப்பர் தோட்டத்துக்குள்ள ஏறுற ஆளு. மரத்துல வெட்டு போகப் போக கீழ இறங்கும், அது இறங்க இறங்க வெட்டுறவரும் குனியணும், கால்முட்டை மடக்காம இடுப்புலருந்து குனிஞ்சு வெட்டி, சிரட்டையைச் சரி பண்ணிட்டு அடுத்த மரம், பிறகு அடுத்த மரம். வீட்டுக்கு வந்ததும் கையாலைல, அதாவது வேலிச்சுவர்ல, காலைத் தூக்கி வச்சு, தொடைக்குப் பின்னாடி சுள்ளுனு வர்ற வரைக்கும் குனிவாராம்.

படுக்க வச்சு முட்டு மடங்காம காலைத் தூக்கினேன், 45 டிகிரி தாண்டுறதுக்குள்ள பிடிச்சுது. கொஞ்சம் இறக்கி, பிடிப்பு விட்டதும் பாதத்தை மேல மடக்கினேன், திரும்பவும் வந்துது. பிறகு கூனி உக்கார வச்சு தலையைக் குனிஞ்சு முட்டை நீட்டச் சொன்னா இழுக்கு, தலையை நிமிர்த்தினா அதே காலு இன்னும் கொஞ்சம் நீளுது. தொடைக்குப் பின்னாடி இருக்குற ஹாம்ஸ்ட்ரிங் தசை தொடங்குறது உக்காரும்போது கீழ படுற எலும்புல, முடியுறது முட்டுக்குக் கீழ, தலை அசைஞ்சு அந்தத் தசை நீளப்போறது இல்ல. அப்போ முதல்ல, முதுகுலருந்து தொடைக்குப் பின்னாடி வழியா காலுக்கு இறங்குற சயாட்டிக் நரம்பைத்தான் சந்தேகப்படணும், அதைச் சுள்ளுனு வர்ற அளவுக்கு இழுத்துப் பிடிச்சு வச்சா எரிச்சல் கூடத்தான் செய்யும். மரத்துப்போறது, பாதம் தளர்றது, மூத்திரத்துல சிரமம் எதுவும் இல்ல, இருந்திருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்.

வெறும் தசை இறுக்கம்னா நீட்டச் சொல்லியிருப்பேன், கூடவே எடையைப் பிடிச்சு இடுப்புலருந்து குனிஞ்சு நிமிர்ற பயிற்சியும். இவருக்கு அது இல்ல. முட்டை நீட்டும்போது தலையை நிமிர்த்தி, மடக்கும்போது குனிஞ்சு, எங்கேயும் பிடிச்சு வைக்காம மெதுவா ஆட்டச் சொன்னேன். தாழ வெட்டுற மரத்துக்கு ஒரு காலைப் பின்னால வச்சு முட்டை மடக்கி இறங்கவும் காட்டிக்கொடுத்தேன்.

இதுவரைக்கும் எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நாம சாதாரணமா சொல்லிக்கொடுக்குற 30 செகண்ட் ஸ்ட்ரெட்ச்கூட சில வாரத்துல தசையை நீளமாக்குறதைவிட, இழுவையைத் தாங்குற அளவைத்தான் கூட்டுதுன்னு 2010ல வந்த ஒரு அலசல் கட்டுரை சொல்லுது. அப்படின்னா நாம மாத்துறதே அந்த உணர்வைத்தானே? பிறகு இவருக்குக் கிடைச்ச சுகத்தை மட்டும் கணக்குல சேர்க்காம எப்படி விட?

அன்னைக்கு நான் திருப்பிக் கேட்டது, "அந்நேரம் சரி, ராத்திரி எப்படி இருக்கு?" கொஞ்சம் யோசிச்சு "ராத்திரி கடுப்பாக்கும்"னார். எனக்கு வேணும்ங்கிற பதில்தான், நானும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா விடியக்காலத்துலருந்து குனியுற மனுஷனுக்கு ராத்திரிக் கடுப்பு நீட்டினதாலயா வெட்டினதாலயான்னு எப்படிப் பிரிக்க?

அதனால கிளம்பும்போது, மழையில வெட்டு இல்லாத ஒரு நாள் நீட்டாம இருங்க, இன்னொரு மழை நாள் லேசா, சுள்ளுனு வராம நீட்டிப் பாருங்க, ரெண்டு ராத்திரியும் எப்படின்னு வந்து சொல்லுங்கன்னேன். நீட்டாண்டாம்னு சொன்ன அதே வாயால இதையும் சொன்னேன், ரெண்டும் ஒத்துப்போகல, தெரியும். அடுத்த தடவை வந்தா முதல்ல அந்த ரெண்டு ராத்திரியைப் பத்தித்தான் கேக்கணும்.