பழங்கார் நடுவர்: பயிற்சிக் குறிப்புகள்

ஜனவரி 11

பழங்கார் கண்காட்சிக்கு நடுவராக வர விரும்புகிறவர்கள் முதலில் கைவிட வேண்டியது, "எந்தக் கார் அழகு?" என்ற கேள்வி. 1935இல் தொடங்கிய ஆண்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்காவின் முறையில் கார் 400 மதிப்பெண்ணோடு கண்காட்சிக் களத்துக்கு வருகிறது. ஆலையிலிருந்து வந்த நிலையைவிட்டு எங்கே விலகியிருக்கிறதோ அங்கே கழிக்க வேண்டும். கூடுதல் மெருகுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. வண்ணம் மட்டும் பூசப்பட்டு வந்த பாகத்துக்கு இன்று குரோம் பூசியிருந்தால், கண்ணைப் பறித்தாலும் அது கழிவுதான்.

அங்கே 25 வயதான வண்டி தகுதி பெறும். பழங்கார்ச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா 30 கேட்கிறது. எந்தச் சங்கத்தில் நடுவராகப் போகிறோமோ அதன் விதிநூலை முதலில் முழுக்கப் படிக்க வேண்டும்.

ஜனவரி 25

நடுவராகும் வழி எளிது: பயிற்சி வகுப்பு, பிறகு அனுபவமுள்ள குழுவோடு பயிற்சி நடுவராக நடப்பது. குழுத்தலைவருக்குக் கீழே வெளிப்புறம், உட்புறம், சேஸி (காரின் அடிச்சட்டம்), எஞ்சின் என்று வேலை பிரியும். விருப்பம் கேட்டால் சேஸியைச் சொல்லுங்கள். முட்டி போட்டுக் குனியத் தயங்கி மற்றவர்கள் தவிர்க்கும் இடம் அது. பழைய காரை மீட்டெடுத்துப் புதுப்பித்தவர் களைத்துப்போய் விட்டுவிட்ட இடமும் அதுதான். பம்பரின் பின்பக்கம், சக்கர வளைவின் உள்மடிப்பு, ஸ்டெப்னியைப் பிடிக்கும் போல்ட், பிரேக் குழாயின் கிளிப் ஆகியவற்றில் பழகிய கண் மற்ற பகுதிகளை விரைவில் பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 8

காலம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டார் ஸ்குரூ (தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள பிலிப்ஸ் திருகு): கார் உற்பத்தியில் முதலில் இறங்கியது 1936 கேடிலாக்கில். 1930இல் செய்த வண்டியின் கதவோரத்தில் அது இருந்தால் பின்னாளில் மாற்றியது.

முலாம்: குரோம் பரவியது 1920களின் பிற்பாதியில். அதற்கு முந்தைய ரேடியேட்டர் ஓட்டில் நிக்கல்தான் இருக்க வேண்டும். நிக்கலில் மெல்லிய மஞ்சள் சாயல், குரோமில் நீலச் சாயல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தவருக்குப் பிறகு குழப்பம் வராது.

முகப்பு விளக்கு: பல்பும் கண்ணாடியும் ஒரே அடைத்த உருவாக இருக்கும் சீல்டு பீம் அமெரிக்கக் கார்களில் 1940 மாடலோடு வந்தது. 1937 வண்டியில் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

பேட்டரி: மூடிகளை எண்ணுங்கள். மூன்று என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12 வோல்ட். பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் 1950களின் நடுவில்தான் 12க்கு மாறின. எஞ்சினைக் கிளப்பச் சுலபம் என்று மாற்றிக்கொள்கிறவர்கள் நிறைய; ஓட்ட நல்லது, களத்தில் கழிவு.

வயர்: 1930களின் வண்டியில் பருத்தி நூல் பின்னிய உறை இருக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை தெரிந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறியுங்கள்.

பிப்ரவரி 22

"ஃபோர்டு மாடல் டி என்றாலே கறுப்பு" என்ற நம்பிக்கை பல நல்ல கார்களுக்கு அநியாயம் செய்திருக்கிறது. 1908இல் தொடங்கிய அந்த வண்டிக்குக் கறுப்பு மட்டும் என்றிருந்தது 1914 முதல் 1925 வரை. அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்கள் உண்டு. பித்தளை ரேடியேட்டர் 1916 மாடலோடு முடிந்தது; 1920 வண்டியில் பித்தளை மின்னினால் அழகுக்காக ஏற்றியது.

சந்தேகம் வந்தால் குழுத்தலைவர் உரிமையாளரிடம் ஆவணம் கேட்பார். ஆலை வெளியிட்ட விற்பனைக் கையேடு, பாகப் பட்டியல், சர்வீஸ் மடல் ஆகியவை செல்லும். "என் தாத்தா வாங்கியபோதே இப்படித்தான்" என்பது செல்லாது. தவறு என்று நமக்கே உறுதியில்லாத இடத்தில் பேனாவை எடுக்கக் கூடாது.

மார்ச் 15

பெயின்ட். 1920களின் நடுவிலிருந்து பல நிறுவனங்கள் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைப் பல பூச்சாக அடித்துத் தேய்த்து மெருகேற்றின. நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான இன்றைய கிளியர் கோட் ஈரம் காயாதது போன்ற ஆழத்தைக் காட்டும். கதவு விளிம்பிலும் மடிப்புகளிலும் தடித்து நிற்கும். அதை ஏற்பதா என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். விதி அனுமதித்தால் நம் ரசனைக்காகக் கழிக்க முடியாது.

பார்க்கும் கோணம் முக்கியம். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் தாழ்ந்து, ஒரு கம்பத்தின் நேர்க்கோடு பெயின்டில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். கோடு நெளிந்தால் அடியில் பட்டி வேலை. உச்சி வெயில் இதை மறைத்துவிடும்.

மீட்டெடுக்காத அசல் கார் எங்கே கிடைத்தாலும் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். வழிந்த பெயின்ட், சமமில்லாத கதவு இடைவெளி, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தகடு) பரிசோதகர் இட்ட கிரேயான் குறி எல்லாம் ஆலையின் கையெழுத்து. எந்தப் புத்தகமும் இவ்வளவு சொல்லித்தராது. அந்த இடைவெளியைப் பார்த்தவர், மீட்டெடுத்த காரில் அதே இடைவெளிக்குக் கழிவு போட மாட்டார்.

ஏப்ரல் 5

நாளை களம். பெல்ட் பக்கிள், மோதிரம், கடிகாரம், தொங்கும் அடையாள அட்டை வேண்டாம். பெயின்டில் ஒரு கீறல் போதும், பல வருட உழைப்பு போய்விடும். டார்ச், முட்டிக்கு ஒரு மெத்தை, பென்சில். காரைத் தொடக் கூடாது. கதவையும் பானட்டையும் உரிமையாளர்தான் திறக்க வேண்டும். பேசுவது குழுத்தலைவர் மட்டும். நாம் வேலை செய்த கார், நண்பருடைய கார் என்றால் முன்கூட்டியே சொல்லி விலகிவிட வேண்டும்.

ஏப்ரல் 6

தீயணைப்பான் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. பிறகு எல்லாக் காரையும் ஒரே மூலையில் தொடங்கி ஒரே திசையில் சுற்றுவது. திசை மாறினால் ஏதாவது ஒரு பகுதி விட்டுப்போகும்.

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இரண்டு. முதலாவது, ஒரே குறைக்கு இருமுறை கழிப்பது: தவறான ஹோஸ் கிளாம்பை (ரப்பர் குழாயை இறுக்கும் வளையம்) எஞ்சின் நடுவரும் சேஸி நடுவரும் தனித்தனியே எழுதிவிடுவார்கள். குழுத்தலைவரிடம் தாளைக் கொடுக்குமுன் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, காலையில் கடுமையாகத் தொடங்கி மதியம் தளர்ந்துபோவது. கடைசிக் காரை முடித்ததும் முதல் காருக்குத் திரும்பி, அதே வகைக் குறைக்கு அதே அளவுதான் கழித்தோமா என்று சரிபாருங்கள். பழைய வகையான பயஸ் டயர் இருக்க வேண்டிய இடத்தில் பின்னாள் வகையான ரேடியல் இருந்து, விதி ஒவ்வொரு டயருக்கும் இவ்வளவு என்று சொன்னால், ஸ்டெப்னியையும் சேர்த்து எண்ண வேண்டும்.

குறிப்பில் "எஞ்சின் சரியில்லை" என்று எழுதினால் உரிமையாளருக்கு ஒன்றும் புரியாது. "மேல் ரேடியேட்டர் ஹோஸ், இரு முனையிலும் பின்னாள் கிளாம்ப்" என்று எழுதினால் அடுத்த கண்காட்சிக்குள் மாற்றிவிடுவார்.