மூன்று பெல்ட் மாற்றியும் நெளிந்த பியானோ: சூப்பர் 8 ஒலி புரொஜெக்டர்

நான் பழுதுபார்க்கும் சூப்பர் 8 (8 மி.மீ. அகல வீட்டு ஃபிலிம்) புரொஜெக்டரில், மூன்று வாரமாக என்னை அலைக்கழித்த ஒரு பியானோ ரீல் நேற்று இரவு நெளியாமல் ஒலித்தது. இன்னும் இயந்திரத்தின் பின்மூடியைக்கூட மாட்டவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜப்பானியத் தயாரிப்பு, ஃபிலிமின் ஓரத்துக் காந்தப் பட்டையில் ஒலி, நொடிக்கு 18, 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்று இரண்டு வேகம். கைக்கு வந்தபோது உள்ளே பெல்ட் இல்லை, ரப்பர் இளகித் தாராகிக் கிடந்தது. கப்பியின் பள்ளத்திலிருந்து அதை எடுக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் அரை டப்பா பஞ்சுக்குச்சியும் போயின. ஆம்ப்ளிஃபையரில் வீங்கிய மின்தேக்கிகளை மாற்றியதும் உறுமல் நின்றது. இந்த அளவுக்கு எல்லோரும் செய்திருப்பீர்கள்.

ஆனால் குரல் நெளிந்தது. பேச்சு ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. பியானோவின் ஒரு சுரம் தேய்ந்து அடங்கும் நேரத்தில், தண்ணீருக்கடியில் யாரோ வாசிப்பதுபோல் இருக்கும். பெல்ட்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நூலைச் சுற்றி அளந்து, 5 சதவீதம் குறைத்து, முதலில் உருண்டை பெல்ட் போட்டேன். நெளிவு. அப்புறம் சதுர வெட்டு. அதே நெளிவு. மூன்றாவதாக, 'பிரிக்காத பழைய இருப்பு' என்று ஒருவர் விற்றதை வாங்கினேன். அந்த வார்த்தையில் மயங்காதீர்கள். ரப்பர் உறைக்குள் இருந்தாலும் கிழடாகும். பிரித்து லேசாக இழுத்தேன், மேலெல்லாம் வெடிப்பு ஓடியது. விற்றவரிடம் கேட்டால் 'உறை புதிதுதானே' என்கிறார்!

சரி, ஃபிளைவீல் (வேகத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரம்) என்று அதைக் கழற்றினேன். தண்டில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. துடைத்து ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். சுண்டிவிட்டால் முன்பு 4 நொடியில் நின்ற சக்கரம் 20 நொடிக்கு மேல் சுற்றியது. அதற்காகப் பெருமைப்பட்டுக்கொண்டேன், ஆனால் பியானோ மாறவில்லை.

இங்கேதான் நான் ஒரு வாரம் ஏமாந்தேன். இது பதிவும் செய்யும் இயந்திரம். பட்டை உள்ள ஒரு கழிவு ஃபிலிமில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்து, திரும்ப ஓட்டிக் கேட்டேன். ஒரு முறை சுத்தமாக வந்தது. ஆகா, முடிந்தது என்று நினைத்தேன். கழற்றி மறுபடி மாட்டி ஓட்டினால் முன்பைவிட இரண்டு மடங்கு மோசம். காரணம் பிறகுதான் உறைத்தது: பதியும்போதும் ஆட்டம், ஓட்டும்போதும் அதே ஆட்டம். இரண்டும் ஒத்துப்போனால் நெளிவு மறைந்துவிடும், எதிரெதிராக விழுந்தால் இரட்டிப்பாகும். ஒரே இயந்திரத்தில் பதிந்து அதிலேயே சோதிக்காதீர்கள். வேறெங்கோ பதியப்பட்ட பியானோ ரீலுக்கே திரும்பினேன்.

அப்புறம் காதை நம்பாமல் கணக்கை நம்பினேன். சூப்பர் 8-இல் ஓரடிக்கு 72 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டம் ஓடினால் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. கைபேசியில் ஒலியைப் பதிந்து அலைவடிவமாகப் பார்த்தேன். 10 நொடிக்கு 23 நெளிவு. ஃபிளைவீல் தண்டின் விட்டம் 10 மி.மீ., சுற்றளவு 31.4. அது காரணம் என்றால் 10 நொடிக்கு 32 வரவேண்டும். வரவில்லை. ஃபிலிமை அந்தத் தண்டோடு அழுத்தும் ரப்பர் ரோலரின் விட்டம் 14 மி.மீ., சுற்றளவு 44. வகுத்துப் பார்த்தால் சரியாக 23! உறுதிப்படுத்த 18-க்கு மாற்றினேன். கணக்குப்படி 17 வரவேண்டும், 17 வந்தது.

ரோலரைக் கழற்றி லென்ஸில் பார்த்தால், குறுக்கே நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம். யாரோ நெம்புகோலை ஓட்டும் நிலையிலேயே விட்டு, பல வருடம் பரணில் போட்டிருக்கிறார்கள். ரப்பர் தண்டில் அழுந்தியபடியே இறுகிவிட்டது. பாகத்துக்காக வாங்கி வைத்திருந்த செத்த இயந்திரத்திலிருந்து ரோலரை எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் பள்ளம்.

வெந்நீரில் ஊறவைத்ததில் பாதிதான் எழும்பியது. டிரில்லில் மாட்டி உப்புத்தாள் பிடித்தேன். டிரில்லின் சக்கே ஆடுகிறது, ரோலர் முட்டை வடிவமானது. நல்லவேளை, அது செத்த இயந்திரத்தின் ரோலர். அசல் ரோலரை அதன் சொந்த அச்சிலேயே நிறுத்தி, மோட்டாரில் சுழலும் ஒரு ரப்பர் சக்கரத்தை ஒருபக்கம் தொடவிட்டுச் சுற்றவைத்தேன். மறுபக்கம் தட்டையான குச்சியில் ஒட்டிய 400 எண் உப்புத்தாள், மூச்சு விடுகிற அழுத்தத்தில். இருபது நிமிடம். டயல் கேஜில் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் அளவுகருவி) ஆட்டம் 0.15-இலிருந்து 0.02 மி.மீ.க்கு இறங்கியது. விட்டம் கொஞ்சம் குறைந்தது. இது தானாக உருளும் ரோலர் என்பதால் வேகம் மாறாது, ஸ்பிரிங் இழுவையை மட்டும் ஒரு துளி கூட்டினேன்.

இடையில் ஒன்று: பட்டையிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட் பக்கத்தில் காந்தம் ஏறிய திருப்புளியைக் கொண்டுபோகாதீர்கள். ஹெட்டில் காந்தம் தங்கினால் ஓட்டும் ஒவ்வொரு ஃபிலிமிலும் மேல்சுரம் மங்கும். நான் வெண்கல இடுக்கி வைத்திருக்கிறேன்.

மேசையடியில் ஒரு 16 மி.மீ. ஒளியொலி இயந்திரமும் (ஃபிலிம் ஓரத்து ஒலித்தடத்தை விளக்கொளியால் படிப்பது) காத்திருக்கிறது. அதன் நைலான் புழுப்பல்சக்கரம் (திருகுபோல் பல் வெட்டிய சக்கரம்) உலோகத் தண்டின் மேல் சுருங்கிச் சுருங்கி வெடித்துவிட்டது. மாற்றுச் சக்கரம் வந்துவிட்டது. மாட்டும்போது, ஃபிலிம் நகரும்போது ஒளியை மறைக்கும் ஷட்டருக்கும் ஃபிலிமை இழுக்கும் நகத்துக்கும் நேரம் ஒத்துவர வேண்டும், தவறினால் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலும் கீழும் வழியும். அதன் ஒலி விளக்குக்குப் பதில் சிவப்பு எல்.இ.டி. போட்டுப் பார்க்கவும் ஆசை.

முதலில் இதை முடிக்கவேண்டும். நேற்று பியானோ ரீல் கடைசிவரை நேராக ஓடியது. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால், ஃபிலிமைச் சுருட்டும் ரீலைச் சுழற்றுகிற கிளட்ச் வழுக்கி, ஃபிலிம் முழுவதும் தரையில் குவிந்து கிடக்கிறது.