எல்க்குக்கும் மியூல் மானுக்கும் ஒரே ரைஃபிள்: .270 வின்செஸ்டரும் பிடிவாதமான செப்புக் குண்டும்

சென்ற குளிர்காலத்திலிருந்து என்னை அலைக்கழித்த .270 வின்செஸ்டர் ரைஃபிள், நானே வெடிமருந்தும் குண்டும் சேர்த்து ஏற்றிய தோட்டாக்களோடு ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. 130 கிரெய்ன் (ஏறக்குறைய எட்டரை கிராம்) எடையுள்ள முழுச் செப்புக் குண்டு, 100 கஜத் தொலைவில், ஐந்து துளைகளும் ஓர் அங்குலத்துக்குள் அடங்குமாறு விழுகிறது. வேறொரு நாள் போய்ச் சுட்டபோதும் அப்படியே விழுந்தது. மூன்று துளைகளைக் காட்டிப் பெருமை பேசுவோரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏனெனில் மூன்று குண்டுகளில் எந்த ரைஃபிளும் நல்ல பெயர் வாங்கிவிடும்.

நான் வேட்டையாடும் அமெரிக்க மாநிலமான கொலராடோவில், பெரிய மான் இனமான எல்க்கை ரைஃபிளால் வேட்டையாடும் பருவங்கள் நான்கு. முதலாவது எல்க்குக்கு மட்டும் உரியது. மற்ற மூன்றிலும் மியூல் மானும் எல்க்கும் சேர்ந்தே வருகின்றன. இரண்டு உரிமங்களையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையேறுபவர் இரண்டு ரைஃபிள்களைச் சுமக்க மாட்டார். ஆகவே 70 முதல் 110 கிலோ வரை இருக்கும் மியூல் கிடாவுக்கும், 300 கிலோவை எளிதாகத் தாண்டும் எல்க் காளைக்கும் ஒரே தோட்டா பொருந்த வேண்டும். ஊரில் கடமானைப் பார்த்தவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வதானால், நன்கு முதிர்ந்த கடமான் கிடா ஏறக்குறைய ஒரு பெண் எல்க்கின் எடைக்கு வரும். காளை எல்க் அதற்கும் மேலே. சட்டம் கேட்பதோ மிகக் குறைவு: குழல் விட்டம் குறைந்தது 0.24 அங்குலம், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல், விரியும் குண்டு, அதன் எடை மானுக்கு 70 கிரெய்ன், எல்க்குக்கு 85 கிரெய்ன். அந்த அளவுகோலின்படி .243 வின்செஸ்டர்கூட எல்க் தோட்டாதான். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் காளை எல்க்கின் தோள்பட்டையை நோக்கி அதை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

மறு கோடியில் 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் இருக்கிறது. எல்க்கைப் பொறுத்தவரை அதன்மீது யாரும் குறை சொல்ல முடியாது. குறை முழுவதும் சுடுபவரின் தோளில்தான். ஸ்கோப்புடன் எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளை வைத்து நானே கணக்கிட்டுப் பார்த்ததில், 180 கிரெய்ன் குண்டோடு அதன் உதை 30 அடி-பவுண்டு அளவுக்கு வந்தது. அதே ரைஃபிளில் .30-06 வைத்து அதே எடையுள்ள குண்டைச் சுட்டால் 22 அளவு, .270க்கும் .308க்கும் 17, 18 அளவு, 6.5 கிரீட்மூருக்கு 13 அளவு. நண்பரின் மேக்னத்தை மேசைமீது வைத்துச் சுட்டபோது, விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணிமை மூடிக்கொள்வதை உணர்ந்தேன். அந்தப் பழக்கம் ஒருமுறை தொற்றிக்கொண்டால் லேசான துப்பாக்கிக்கும் கூடவே வந்துவிடும். அதை விரட்டுவது மிகவும் கடினம்.

நடுவில் நிற்பவைதாம் உண்மையான போட்டியாளர்கள். .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 1906இல் அமெரிக்க இராணுவத்துக்காக வந்தது. அதே பித்தளைக் கூட்டின் கழுத்தைக் குறுக்கி 1925இல் வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்டதுதான் .270. வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் வாழ்நாள் முழுவதும் .270க்காக வாதாடியதும், இன்னொரு எழுத்தாளரான எல்மர் கீத் கனமான, பருத்த குண்டே வேண்டும் என்று அதை எதிர்த்ததும் இந்த நாட்டு வேட்டைக்காரர்கள் இன்றும் விட்டுக்கொடுக்காத வழக்கு. அந்த வழக்கில் இருவருமே ஈயக் குண்டை வைத்துத்தான் பேசினார்கள் என்பதை இன்றைக்கு வாதாடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

உண்மையைச் சொன்னால், 2007இல் வந்த 6.5 கிரீட்மூர் என்னை வெகுநாள் இழுத்தது. 143 கிரெய்ன் ஈயக் குண்டுடன் அது விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படுகிறது. காற்றை நன்றாகக் கிழிப்பதால் 300 கஜத்திலும் 1,600 அடி-பவுண்டுக்கு மேல் மிச்சம் வைத்திருக்கிறது. என் .270இன் 130 கிரெய்ன் செப்புக் குண்டு அதே தொலைவில் ஏறக்குறைய 1,570 மட்டுமே வைத்திருக்கிறது. ஆற்றல் அட்டவணையை மட்டும் பார்ப்பவர் கிரீட்மூரை எடுத்திருக்க வேண்டும். எல்க்குக்கு 1,500 அடி-பவுண்டு, மானுக்கு 1,000 என்ற எண்கள் பழக்கத்தில் வந்தவை. விலங்கின் உடலில் அப்படி ஒரு கோடு கிடையாது. செப்புக் குண்டைப் பொறுத்தவரை நான் பார்ப்பது வேறொன்று: இலக்கைத் தொடும்போது அது விரிவதற்குத் தேவையான வேகம் இருக்கிறதா என்பது. விநாடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் பல செப்புக் குண்டுகள் அரைகுறையாக விரிகின்றன. விரியாத குண்டு பென்சில் அளவு துளையைப் போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும், விலங்கோ காயத்தோடு அடுத்த பள்ளத்தாக்குக்கு ஓடிவிடும். ஆலைத் தோட்டாக்களின் எண்களை ஒப்பிட்டால், அந்த வேகம் தங்கும் தொலைவு, செப்புக் குண்டுடன் .270க்குக் கிரீட்மூரைவிட ஐம்பது, அறுபது கஜம் கூடுதலாகக் கிடைக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு. அதற்கு மேல் பேசுபவர்கள் ரைஃபிள் விற்பவர்களாக இருப்பார்கள். கூடுதல் உதையை என் தோள் தாங்குகிறது, நல்ல நிலையில் ஒரு பழைய .270 கடையில் மலிவாகக் கிடைத்தது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது. .30-06இன் மீதும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதில் 150 கிரெய்ன் செப்புக் குண்டை வைத்தால் அதுவும் என் .270உம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

ஏன் செப்பு? வீட்டில் இந்த இறைச்சியைக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். வேகமான ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து வெகுதூரம் பரவுவதை எக்ஸ்ரே படங்கள் காட்டுகின்றன. மலையில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அது நஞ்சு. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முழுவதுமாகத் தடைசெய்துவிட்டது. கொலராடோவில் அப்படிப்பட்ட தடை இல்லை, நானாக ஏற்றுக்கொண்டேன். இன்னொரு காரணம், செப்பு உடையாது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் .300 ஹெச்&ஹெச் மேக்னத்தால் ஒரு மூஸைச் சுட்டபோது, சேறு காய்ந்து படிந்திருந்த தோளைத் துளைக்க முடியாமல் குண்டுகள் சிதறிப்போயின. வீட்டுக்கு வந்து, நடுவே தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை அவர் உருவாக்கினார். அன்று அவர் கையில் இருந்த தோட்டாவில் பலம் குறைவில்லை, தோற்றது குண்டுதான். எடையை இழக்காத 130 கிரெய்ன் குண்டு, பாதி எடையை வழியிலேயே உதிர்த்துவிடும் 150 கிரெய்ன் குண்டைவிட ஆழமாகப் போகும் என்பதே என் கணக்கு.

இனித் தலைவலிக்கு வருகிறேன். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு பித்தளைக் கூட்டுக்குள் அதிக இடத்தை அடைக்கும். குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வெட்டிய வரிகள் தொடங்கும் இடத்தையும் முன்னதாகவே எட்டும். ஈயக் குண்டை வரிகளுக்கு நெருக்கமாக வைத்தால் துளைகள் நன்றாகச் சேரும் என்பது நம்மவர்களின் பழைய பாடம். செப்பு அதற்கு நேர்மாறு: அதற்கு ஓடிவந்து தாவ இடம் வேண்டும். குண்டுக்கும் வரிகளுக்கும் இடையே 0.050 அங்குல இடைவெளியிலிருந்து தொடங்கச் சொல்வது பொது வழக்கம். நானும் அங்கேதான் தொடங்கினேன். துளைகள் இரண்டு அங்குலத்துக்கு மேல் சிதறின.

இடைவெளியை அளப்பதே தனிக் கலை. திருகு வெட்டிய கூட்டில் குண்டைப் பொருத்திக் கோலால் தள்ளும் கருவி என்னிடம் இருக்கிறது. ஆனால் தள்ளும் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைத் தரும். கடைசியில், குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டிலிருந்து ஊசியையும், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவை உள்ளே விட்டு, போல்ட் பிடி தானாகக் கீழே விழும்வரை குண்டைச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே வந்தேன். பிடி தங்குதடையில்லாமல் விழும் முதல் இடமே வரிகளின் எல்லை. இந்த வழியில் கிடைக்கும் எண் எத்தனை முறை அளந்தாலும் நகரவில்லை. அளவைக் குண்டின் நுனியிலிருந்து எடுக்கக் கூடாது. அளவுகோலில் கம்பேரட்டர் என்ற துணைக்கருவியை மாட்டி, குண்டின் வளைவு தொடங்கும் ஓஜைவிலிருந்து எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் நுனிகளின் நீளம் ஒரே பெட்டிக்குள்ளேயே மாறும்.

இவ்வளவு செய்தும் சிதறல் குறையவில்லை. ஏற்றி முடித்த தோட்டாக்களை வரிசையாக ஓஜைவில் அளந்தபோதுதான் காரணம் கிடைத்தது: ஒன்றுக்கொன்று ஆறு, ஏழு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வேறுபட்டன. குற்றவாளி, குண்டைக் கூட்டில் பதிக்கும் அச்சான டையின் உள்ளே இருக்கும் தண்டு. அதன் குழிவு பழைய மொண்ணை மூக்குக் குண்டுகளுக்காகக் கடைந்தது. நீண்ட கூர்மூக்குக் குண்டின் தோளைப் பிடிக்காமல், அது பிளாஸ்டிக் நுனியின் உச்சியைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. நுனி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு ஆழம் மாறியது. நுனிகளில் மெல்லிய நசுங்கலும் தெரிந்தது. விலை கொடுத்து வாங்கிய டையில், இன்றைய குண்டுகளுக்கான தண்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் வியாபாரத்தை என்னவென்று சொல்வது? வாங்கினேன். மாட்டிய அன்றே வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றரைக்குள் வந்துவிட்டது. டையை வாங்குபவர்கள் முதல் நாளே ஒரு குண்டின் நுனியில் மார்க்கர் மையைப் பூசி, பதித்துவிட்டு எடுத்து, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள்.

அதற்குப் பின்னர்தான் இடைவெளிச் சோதனைக்கே பொருள் வந்தது. 0.050இல் ஒன்றரை அங்குலம், 0.070இல் துளைகள் மேலும் கீழுமாக நீண்டன, 0.090இல் சுருங்கத் தொடங்கின; 0.110இல் ஐந்தும் ஓர் அங்குலத்துக்குள் வந்தன; 0.130இல் மீண்டும் திறந்தன. ஆழமாகப் பதிக்கப் பதிக்க உள்ளே இடம் குறைந்து அழுத்தம் ஏறும் என்பதால், ஒவ்வொரு ஆழத்துக்கும் மருந்தைக் குறைத்து மீண்டும் படிப்படியாக ஏற்றினேன். மருந்தின் அளவை இங்கே எழுதவில்லை. என் குழலின் எண் உங்கள் குழலுக்கு உதவாது, ஏட்டைப் பார்த்துக் கீழிருந்து தொடங்குங்கள். சோதனைக்கு முன் குழலில் செம்பு உறையிட்ட பழைய ஈயக் குண்டுகள் விட்டுச்சென்ற செம்புப் படிவை, அம்மோனியா கலந்த கரைசலால், துணியில் நீலம் வராத வரைக்கும் துடைத்தெடுத்தேன். துடைத்த குழலின் முதல் சில குண்டுகள் தனி வழியில் போகும். அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் போடும் வெடிமருந்து ஹெச்4831. .270க்கும் இதற்கும் உள்ள உறவு பழையது: இரண்டாம் உலகப் போரில் 20 மி.மீ. பீரங்கிகளுக்காகச் செய்து மிஞ்சிய மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி விற்றதில் தொடங்கியது. இப்போது ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. வெயிலிலும் பனியிலும் வேகம் அதிகம் மாறாது என்பதால்தான் இதை விடாமல் பிடித்திருக்கிறேன், ஏனென்றால் கோடையில் தேறிய தோட்டா நவம்பர் விடியலில் வேறொன்றாக நடந்துகொள்ளக் கூடாது. ஆனால் கிடைப்பதுதான் அரிது. இணையத்தில் கண்ணில் பட்டாலும், ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம் சேர்த்து விலையை ஏற்றிவிடுகிறார்கள். ஒரே ஒரு டப்பாவுக்காக அதைக் கட்டுவது வீண். பக்கத்து ஊர்க் கடைக்காரர் லாரி வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவருக்கு நன்றி சொல்வதற்காகவே, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்களையும் அவரிடமே வாங்குகிறேன்.

200 கஜத்தில் குறி நிலைநிறுத்தினால் 300இல் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல், 400இல் பதினெட்டு அங்குலம் அளவில் குண்டு இறங்கும் என்று கணக்கு காட்டுகிறது. நான் வேட்டையாடும் 9,000 அடி உயரத்தில் காற்று மெல்லியது. இறக்கம் இன்னும் கொஞ்சம் குறையும். எல்க்குக்கு 300 கஜத்தோடு நிறுத்திக்கொள்வேன், மானுக்குக் காற்றில்லாத நாளில் 400 வரை. இவை இன்னும் தாளில் உள்ள எண்கள்தாம். மேலே, படுத்தும் முதுகுப்பையில் சாய்த்தும் 300 கஜத்தில் சுட்டுப் பார்க்கும் வேலை அப்படியே கிடக்கிறது.

அதை முடிப்பதற்குள் மனைவிக்கு ஒரு 7 எம்.எம்.-08 பார்க்க ஆரம்பித்துவிட்டேன். 1980இல் வந்த அந்தத் தோட்டா .308இன் கூட்டிலிருந்து பிறந்தது, உதை குறைவு, 140 கிரெய்ன் குண்டோடு பெண் எல்க்குக்குத் தாராளமாகப் போதும். 2022இல் வந்த 7 எம்.எம். பி.ஆர்.சி.யையும் கடையில் எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த மலைகளில் நான் சுடும் தொலைவுக்கு அது எனக்கு எதையும் கூடுதலாகத் தரப்போவதில்லை. கையில் இருக்கும் ஹெச்4831 டப்பா பருவம் முடியும்வரை வராது. அடுத்த லாரியில் வேறு லாட் எண் (வேறு தயாரிப்புத் தொகுதி) வந்தால், குரோனோகிராஃபை வைத்து வேகத்தை மறுபடி சரிபார்த்த பிறகுதான் வேட்டைக்கான தோட்டாக்களை ஏற்றுவேன்.