இரவு 11:40 மின்னஞ்சல்கள்

மேலாளராகி மூன்றாவது வாரம். "திட்டத்தை இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடலாம் இல்லையா?" என்றார் இயக்குநர். அது கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். "கொடுத்துவிடலாம்" என்றேன். என் அணியின் ஆறு பேரில் ஒருவரைக்கூடக் கேட்காமல் அவர்கள் எல்லோருடைய இரண்டு வாரத்தையும் தாரை வார்த்துவிட்டேன்.

குற்ற உணர்வுக்கு நானே ஒரு பரிகாரம் கண்டுபிடித்தேன்: மிஞ்சும் வேலையை நான் செய்வது. பகலெல்லாம் கூட்டம், இரவெல்லாம் பிழை திருத்தம். சுமைதாங்கிக் கல்லாக நிற்கிறேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. மேலே இருந்தவர்களுக்கோ எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே பட்டது. படாதா பின்னே?

அணியில் ஒருவர் எதற்கெடுத்தாலும் "இது எதற்கு?" என்று கேட்டு என் பொறுமையைச் சோதிப்பார். திடீரென்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். எல்லாவற்றுக்கும் "சரி". ஒத்துழைக்கிறார் என்று மகிழ்ந்தேன், மடையன். பணிச்சோர்வுக்கு உலக சுகாதார அமைப்பு 2019-இல் தந்த விளக்கத்தைப் பிறகுதான் படித்தேன்: ஆற்றல் வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறன் குறைவது. அந்த இரண்டாவதைத்தான் நான் ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை நேரப் பதிவைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் வாரத்துக்கு 55 மணி நேரத்தைத் தாண்டியிருந்தார்கள். 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55-ஐத் தொடுபவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று அதே அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொல்லியிருக்கின்றன. அதையும் எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன்.

"வருத்தம்தான். ஆனால் தேதி மாறாது. வேண்டுமானால் இன்னும் இரண்டு பேரைத் தருகிறேன்."

ஆறு பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள 15 இணைப்புகள் போதும். எட்டுப் பேர் என்றால் 28. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் களைத்துப்போன இதே ஆறு பேர்தான். அதைச் சொன்னபோதும் அவர் அசையவில்லை. கடைசியாக, அந்த மாதம் முடித்த 20 வேலைகளில் ஏழு பிழையோடு திரும்பி வந்த கணக்கைக் காட்டினேன். அதைத்தான் இரண்டு முறை படித்தார். "சரி, எதை விடலாம்?"

மூன்றைக் குறித்து வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் விடச் சம்மதித்தார். கெட்ட மனிதர் இல்லை, அவரிடமும் மேலே யாரோ "இல்லையா?" என்று முடித்திருப்பார்கள்.

அணியிடம் மன்னிப்புக் கேட்டேன். கேள்வி கேட்பதை மறந்திருந்தவர் வாயைத் திறந்தார். "இரவு 11:40-க்கு மின்னஞ்சல் அனுப்புவதை எப்போது நிறுத்துவீர்கள்?"

"உடனே பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தேனே?"

"அதை விழித்திருந்துதானே படித்தேன்."

இப்போது என் மின்னஞ்சல்கள் காலை சரியாக 9:00 மணிக்குப் போகின்றன, எட்டு மின்னஞ்சலும் ஒரே நிமிடத்தில். ஒருவரும் ஏமாறவில்லை.