காசிமேட்டு அங்கன்வாடி நாட்குறிப்பு

ஏப்ரல் 16

நேற்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வீட்டில் பணமுடைதான். ஆனால் இப்போது பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவது அப்பாக்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவிடப் போகிறேன்.

ஏப்ரல் 18

"நாலு வயசாச்சு டீச்சர், இன்னும் அ, ஆ எழுத மாட்டேங்கிறான்" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ, பி, சி, டி எழுதுகிறதாம். அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தால் அது வெறும் சத்தம். எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாடத்தைக் கடகடவென்று வாசிப்பாள். என்ன கதை என்று கேட்டால் முழிப்பாள். 1986-ல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இதைப் பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்துக்கூட்டும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டில் எது பூஜ்யமானாலும் வாசிப்பு பூஜ்யம். அம்மாவிடம் இந்தக் கணக்கெல்லாம் சொல்லவில்லை. "மீன் ஆயும்போது அவனைப் பக்கத்துல உட்காரவச்சுப் பேசும்மா, எழுத்து தானா வரும்னு சொல்லல, நான் சொல்லித்தரேன். பேச்சு முதல்ல வரட்டும்" என்றேன்.

ஏப்ரல் 22

மீன் பெயர்களுக்குக் கைதட்டினோம். சுறாவுக்கு இரண்டு தட்டு, வஞ்சிரத்துக்கு மூன்று, காரப்பொடிக்கு நாலு. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காது பிரித்துப் பழகிவிட்டால், அப்புறம் எழுத்து பிடிபடுவது சுலபம்.

ஏப்ரல் 25

அதிகம் வாய் திறக்காத பையன் ஒருவன். இன்று அவன் அப்பா வலையோடு வந்து கிழிசலைப் பின்னிக் காட்டினார். பையன் ஓட்டைக்குள் விரலை விட்டு, "மீனு பூட்ச்சு" என்றான்.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். "இருங்கண்ணே" என்று கையைக் காட்டினேன். பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேண்டும், பெரியவர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

"பெரிய மீனு கடிச்சி, ஓட்டை போட்டு பூட்ச்சு. அதான் அப்பா பின்றாரு."

என்ன நடந்தது, எதனால், அப்புறம் என்ன, எல்லாம் அதில் இருக்கிறது! அவன் பேச்சைத் திருத்தவில்லை. வீட்டில் பேசுவதைத் தப்பு என்றால் மறுபடி வாயை மூடிக்கொள்வான். "ஆமாம், பெரிய மீன் வலையைக் கடிச்சுத் தப்பிச்சுப் போயிடுச்சு" என்று நீட்டிச் சொன்னேன், அவ்வளவுதான். அவன் சொன்னதை அப்படியே சார்ட்டில் எழுதி, விரல் வைத்து வாசித்தேன். உடனே எல்லாரும் "எனக்கும் எழுது டீச்சர்" என்று சூழ்ந்துகொண்டார்கள். சார்ட் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.