சீதையம்மாவுக்கு ஒரு பிடி கரட்

"முதல் கரட் சீதையம்மாவுக்கு" என்று விதை போட்ட அன்றைக்கே அம்மாயி சொல்லிவிட்டார். அந்த முதல் கரட் கைக்கு வர இரண்டு விதைப்பு ஆனது.

இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போடும் அளவுக்கு நிலம். லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோஸும் அம்மாயி பொறுப்பு. கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்த எனக்கு ஒரு பாத்தி ஒதுக்கினார். கரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது, பாத்தியிலேயே தூவ வேண்டும். விதை சீரகத்தை விடப் பொடி, அதனால் மணலில் கலந்து தூவினேன். எங்கள் குளிருக்கு முளைக்கப் பத்து நாளும் ஆகும், பதினைந்தும் ஆகும். நான் எட்டாம் நாளே விரலால் மண்ணைக் கீறிப் பார்த்தேன்.

"கிண்டாத புள்ள. நீ எட்டிப் பாத்தா சீக்கிரம் வந்துருமா?"

மறுநாளும் கீறினேன். அடுத்த வாரத்து மழையில் மிச்சம் மீதி இருந்ததும் வடிகானோடு போனது.

இரண்டாவது தடவை மார்கழியில் தூவினோம். தை மாதம் சில விடியல்களில் பாத்தி முழுக்க உப்பைக் கொட்டியது போல் பனி உறைந்திருக்கும். வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளித்து அதைக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் இலை கருகிவிடும். விறைத்த கையோடு அம்மாயி பூவாளியைத் தூக்கி வருவார். ஆயுசெல்லாம் கொழுந்து எடுத்தவர். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் பார்த்தால் விறகு நட்டு வைத்தது போல இருக்கும். அது மறுபடி கொழுந்து விட மாதக்கணக்கில் ஆகும். அதையெல்லாம் பார்த்தவருக்கு என் ஒரு பாத்தி எம்மாத்திரம்!

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடுங்கினோம். பாத்தியில் விட்டுப்போன இடங்களில் நான் சாமர்த்தியமாகப் பிடுங்கி நட்டவை எல்லாம் கவட்டை விழுந்து, இரண்டு கால் முளைத்து வந்தன. நல்லதாக ஒரு பிடியை இலையோடு கட்டினோம். ஒரு கவட்டைக் கரட்டையும் அம்மாயி பையில் போட்டுக்கொண்டார். ஏனென்று கேட்கவில்லை.

நுவரெலியாவுக்கு வந்து வெலிமடை பஸ் ஏறினோம். ஹக்கலை பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சீதா எலியா. 1861இல் மலேரியா மருந்துக்காகச் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம்தான் அந்தப் பூங்கா. அதற்கு எத்தனையோ காலம் முன்பு இந்தப் பக்கம்தான் அசோகவனம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சீதையம்மன் கோயில் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. 2024 மே மாதக் கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீர் வந்தது. அன்றைய கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் போகவில்லை.

அர்ச்சனைத் தட்டில் கரட்டைப் பார்த்த குருக்கள், "சொந்தத் தோட்டமா?" என்றார். அம்மாயி என் பக்கம் கையைக் காட்டினார். வெட்கமாகப் போய்விட்டது.

சீதை என்றால் உழுசால். ஜனகர் ஏர் ஓட்டியபோது மண்ணில் கிடைத்தவள், சிறை இருந்ததும் ஒரு தோட்டத்தில். தோளில் சுமந்து போகிறேன் என்ற அனுமனுக்கு வேண்டாம் என்றவள், ராமன் வந்துதான் மீட்க வேண்டும் என்று இருந்தவள். ஆனால் அதே வாயால், இன்னும் ஒரு மாதம்தான் உயிரோடு இருப்பேன் என்றும் சொல்லி அனுப்பினாள். பொறுமைக்கு நாம் உதாரணம் காட்டும் சீதையே நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சந்நிதியில் நின்று அதை நினைத்தபோது, எட்டாம் நாள் மண்ணைக் கீறியது அப்படியொன்றும் பெரிய பாவமாகத் தோன்றவில்லை.

அப்புறம் ஆற்றுப் பக்கம் இறங்கினோம். பாறையில் அனுமன் பாதம் என்று காட்டும் குழிகளில் தண்ணீர் நின்றது. அம்மாயி பையிலிருந்து கவட்டைக் கரட்டை எடுத்துப் பாறை மேல் வைத்தார். கைப்பிடிச் சுவரில் இருந்த குரங்கு ஒன்று இறங்கி வந்து எடுத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தது. இலையை மட்டும் கடித்துத் தின்றுவிட்டுக் கரட்டைத் தண்ணீரில் போட்டது.

"அதுக்கே புடிக்கலையே!" என்று அம்மாயி சிரித்த சிரிப்பில், மேலே படியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.